வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத விமானி: 1944 செப்டம்பர் 19 இரவு பற்றிய நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த நிகழ்வு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் சுமார் 1,25,000 பேர் விமானங்களில் பணியாற்றினார்கள். அவர்களில் 55,573 பேர் உயிரோடு திரும்பவில்லை. இவ்வளவு பெரிய இழப்பில் ஒரே ஒரு விமானத்தை, அதில் இருந்த இரண்டு பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான இழப்புகளில் ஆராய ஒன்றும் மிஞ்சுவதில்லை. போனார்கள், பீரங்கியிலோ இரவுப் போர் விமானத்திலோ மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த இழப்பு அப்படிப்பட்டதல்ல. விமானம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே பல இடங்களில் யாராவது ஒருவர் நிறுத்தியிருக்கலாம். யாரும் நிறுத்தவில்லை. எதிரே நின்றவருக்கு இருந்த புகழ்தான் அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

இதில் வரும் ஆட்களைப் பெயர் சொல்லாமல் பணியால் மட்டும் குறிப்பிடுகிறேன். வரலாறு தெரிந்தவர்களுக்கு யார் என்று உடனே புரிந்துவிடும். ஆனால் பெயரைச் சொன்னதும் வீரக்கதை முன்னே வந்து நின்றுவிடுகிறது, எடுத்த முடிவுகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. இந்த விஷயத்தில் பலமுறை நடந்திருப்பது அதுதான்.

பின்னணி: ஒரு விமானி உருவான விதம்

விமானி பிறந்தது சிம்லாவில், 1918 ஆகஸ்ட் 12 அன்று. தந்தை இந்திய வனப் பணியில் அதிகாரி. சிறு வயதிலேயே தாயோடு இங்கிலாந்து போய், ஆக்ஸ்போர்டில் விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். விமானப் படைக்கு முதலில் விண்ணப்பித்தபோது எடுக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்து 1936-இல் சேர்ந்தார்.

போர் அறிவிக்கப்பட்ட 1939 செப்டம்பர் 3 அன்றே, 83-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் படையின் ஒரு பிரிவு) ஹாம்ப்டன் குண்டுவீச்சு விமானத்தில் ஜெர்மன் கப்பல்களைத் தேடிப் புறப்பட்டவர்களில் இவரும் ஒருவர். வானிலை மோசமாக இருந்ததால் குண்டு போடாமலேயே திரும்பினார்கள். அடுத்த ஒரு வருடம் அதே ஹாம்ப்டனில் பறந்தார். 1940-இல் முதல் பதக்கம், டிஸ்டிங்க்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ், கிடைத்தது.

ஒரு சுற்றுப் பணியை முடித்த குண்டுவீச்சு விமானி ஓய்வாகப் பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியராகப் போவதுதான் வழக்கம். இவரோ இரவுப் போர் விமானப் பிரிவுக்குப் போனார். 29-ஆம் ஸ்குவாட்ரனில் பியூஃபைட்டர் ஓட்டி, இங்கிலாந்தின் மேல் வந்த ஜெர்மன் விமானங்களை இருட்டில் துரத்தினார். அதற்கும் பதக்கம் கிடைத்தது. ஓய்வு எடுக்க வேண்டிய காலத்தையும் போர்முனையிலேயே கழித்தார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னால் நடந்ததற்கு இது விளக்கம் தருகிறது.

1942 ஏப்ரலில், 23 வயதில், 106-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவரானார். அங்கே முதலில் இருந்தவை என்ஜின் கோளாறுக்குப் பேர்போன மான்செஸ்டர் விமானங்கள். அப்புறம்தான் லங்காஸ்டர் என்ற கனரகக் குண்டுவீச்சு விமானம் வந்தது. கண்டிப்பானவர். கீழே வேலை பார்த்தவர்களில் சிலர் அவரைக் கொண்டாடினார்கள், சிலருக்கு அவர் கடுமை பிடிக்கவில்லை. ஆனால் கடினமான இலக்கு என்றால் தானே முன்னால் போவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அங்கிருந்தபோது டிஸ்டிங்க்விஷ்ட் சர்வீஸ் ஆர்டரும், பிறகு அதே பதக்கம் இரண்டாம் முறை என்பதற்கு அடையாளமான பட்டையும் கிடைத்தன.

அணைகளின் இரவு

1943 மார்ச்சில் 617-ஆம் ஸ்குவாட்ரனைப் புதிதாக அமைக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. ஜெர்மனியின் தொழிற்சாலைப் பகுதியான ரூருக்குத் தண்ணீர் தந்த மோனே, சோர்ப்பே அணைகளையும், அவற்றுக்குக் கிழக்கே இருந்த ஏடர் அணையையும் உடைப்பது திட்டம். பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த குண்டு உருளை வடிவில் இருந்தது. அதை நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் பின்னோக்கிச் சுழலவிட்டு, நீர்மட்டத்துக்கு 60 அடி உயரத்தில் பறந்தபடி போட வேண்டும். அது நீரின் மேல் துள்ளித் துள்ளிப் போய் அணைச் சுவரில் மோதி, கீழே இறங்கி வெடிக்கும். இருட்டில் 60 அடியை அளக்க, விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைப் பொருத்தி, இரண்டு ஒளிவட்டங்களும் நீரில் ஒன்றையொன்று தொடும்படி பறந்தார்கள்.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது குண்டை விடத் தயாரிப்பு. இலக்கு எது என்றே பெரும்பாலோருக்குத் தெரியாமல், வாரக்கணக்கில் ஏரிகளின் மேலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் தாழப் பறந்து பழகினார்கள். வழி கண்டுபிடிப்பதும் உயரம் காப்பதும், விமானத்துக்கு விமானம் ரேடியோவில் பேசுவதும் கைக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். அப்படிச் செய்யவைத்தவர் இந்த விமானிதான். பழகாத வேலைக்கு ஆளை அனுப்பக்கூடாது என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல.

மே 16 இரவு 19 லங்காஸ்டர்கள் கிளம்பின, 133 பேர். மோனே அணையில் முதல் குண்டைப் போட்டவர் இவர்; அணை உடையவில்லை. இரண்டாவதாக வந்த விமானம் பீரங்கியில் அடிபட்டு விழுந்தது. அதன்பிறகு வந்தவர்களுக்குப் பக்கத்திலேயே இவரும் தன் விமானத்தை ஓட்டினார். அணை மேல் இருந்த பீரங்கிகள் தன் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக. ஐந்தாவது குண்டில் மோனே உடைந்தது. அங்கிருந்து ஏடருக்குப் போய், மற்றவர்களை ரேடியோவில் வழிநடத்தினார். ஏடரும் உடைந்தது. சோர்ப்பே தாங்கிக்கொண்டது.

எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், மூன்று பேர் கைதானார்கள். கீழே வெள்ளத்தில் 1,300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஜெர்மானியர்கள்கூட இல்லை. கட்டாய வேலைக்காகப் பிடித்துவரப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த வெளிநாட்டவர்கள், அவர்களிலும் நிறையப் பேர் சோவியத் பெண்கள். இந்த விமானியின் கதையைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த இரவுக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. வயது 24. அதற்குள் 170-க்கும் மேற்பட்ட போர்ப் பறப்புகள் முடித்திருந்தார். ஒரு சுற்றுப் பணி என்பது 30 பறப்புகள். அதை முடிப்பதற்குள்ளேயே பலர் இறந்துகொண்டிருந்த காலம் அது.

தரையில் ஒரு வருடம்

இனி இவரைப் போருக்கு அனுப்பக்கூடாது என்று மேலிடம் முடிவெடுத்தது. அது சரியான முடிவு. மனிதாபிமானம் ஒரு காரணம், விளம்பரம் இன்னொரு காரணம். 1943 ஆகஸ்டில் சர்ச்சிலின் குழுவோடு கப்பலில் கனடா போனார். அங்கும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார். அமெரிக்காவும் ஒரு பதக்கம் கொடுத்தது.

அவர் அங்கே மேடைகளில் இருந்தபோது, செப்டம்பர் நடுவில், 617-ஆம் ஸ்குவாட்ரன் டார்ட்மண்ட்–எம்ஸ் கால்வாயைத் தாக்கப் போனது. போன எட்டு லங்காஸ்டர்களில் ஐந்து அழிந்தன. அவருக்கு அடுத்து வந்த ஸ்குவாட்ரன் தலைவர் இறந்தார். அந்தத் தலைவரின் விமானத்தில் இருந்தவர்களில் நான்கு பேர், அணைகளின் இரவில் இவரோடு ஒரே விமானத்தில் பறந்தவர்கள். மீதி இருந்த இருவரில் ஒருவர் 1944 பிப்ரவரியிலும், மற்றவர் மார்ச் கடைசியில் நியூரம்பெர்க் தாக்குதலிலும் இறந்தார்கள். 1944 ஏப்ரல் வந்தபோது, அந்த விமானத்தின் ஏழு பேரில் உயிரோடு இருந்தவர் இவர் ஒருவர் மட்டுமே.

இந்த உண்மையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பின்னால் அவர் மேலிடத்தை நச்சரித்து மறுபடி பறக்கப் போனதைப் பதக்க ஆசை என்று எழுதியவர்கள் உண்டு, அகங்காரம் என்று எழுதியவர்களும் உண்டு. ஆறு தோழர்களும் போய்விட்ட பிறகு மேசை முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் விமான அமைச்சகத்தில், விபத்துத் தடுப்புப் பிரிவில் பணி தரப்பட்டது. பெயருக்குத்தான் அந்தப் பணி. உண்மையில் அங்கே உட்கார்ந்து தன் போர் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். அப்புறம் அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி. நடுவில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் தொகுதிக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் வேட்பாளராகவும் தேர்வானார்; சில மாதங்களில் அதிலிருந்து விலகிவிட்டார். எதிலும் அவர் மனம் நிற்கவில்லை என்பது வெளிப்படையாகவே தெரிந்தது.

மறுபடி பறக்கக் கேட்டது

1944 கோடையில் லிங்கன்ஷயருக்கு, தான் பழகிய குண்டுவீச்சுத் தளங்களின் பக்கமே, அலுவலகப் பொறுப்பில் வந்தார். ஆகஸ்டில் கோனிங்ஸ்பியில் இருந்த 54-ஆம் தளத்தின் செயல்பாட்டு அதிகாரி ஆனார். தாக்குதல்களைத் திட்டமிட்டுக் கொடுப்பது வேலை. சுற்றிலும் இரவுக்கு இரவு விமானங்கள் கிளம்பும் சத்தம். பறக்கும் ஆசை உள்ள ஒருவரைப் பறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஓடுபாதையின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். பணி நியமனத்தில் நடந்த முதல் பிசகு இதுதான்.

சும்மா இருக்கவில்லை. ஜூலை முதலே சில பறப்புகளில் தொற்றிக்கொண்டு போனார். பெரிய ஆபத்தில்லாத பறப்புகள்தான், முறையான அனுமதி என்று சொல்ல முடியாத வகையில் நடந்தவை. அவற்றை யாரும் தட்டிக் கேட்கவில்லை. தடை என்ற ஒன்று காகிதத்தில் இருந்தது, நடைமுறையில் மெல்ல மெல்லக் கரைந்தது. ஒரு முறை கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த முறை கேட்பது எளிதாகிவிடுகிறது.

இதற்கிடையே, அவர் தரையில் இருந்த ஒரு வருடத்தில் வேலையின் தன்மையே மாறிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அணைகளுக்குப் போனபோது விமானங்களை ரேடியோவில் வழிநடத்துவதே புதிய யுக்தி. 1944-இல் அது ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருந்தது. குண்டுவீச்சுப் படையின் 5-ஆம் குழுவில் மொஸ்கிட்டோ விமானங்கள் தாழப் பாய்ந்து, நிற ஒளிக்குறிகளை இலக்கின் மேல் கண்ணால் பார்த்துப் போடும். தலைமைக் கட்டுப்பாட்டாளர் மேலே சுற்றியபடி, குறி சரியாக விழுந்ததா, எத்தனை கஜம் தள்ளி விழுந்தது, எந்த நிறத்தை வைத்துக் குண்டு போட வேண்டும் என்று நூற்றுக்கணக்கான லங்காஸ்டர்களுக்குச் சொல்வார். அந்த வேலையில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் அதையே செய்து தேறியவர்கள். நம் விமானிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மொஸ்கிட்டோவிலும் பழக்கம் மிகக் குறைவு. இரண்டே பேர் உட்காரும், மரத்தாலான, வேகம் மிகுந்த விமானம். விமானியும், வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டரும் தோளோடு தோள் இடித்தபடி உட்கார வேண்டும். எரிபொருள் தொட்டிகளை மாற்றும் திருகுகள் விமானியின் இருக்கைக்குப் பின்னால், அவர் கைக்கு எட்டாத மாதிரி இருந்தன. நேவிகேட்டர்தான் இருட்டில் கை நீட்டி மாற்றுவது வழக்கம். இரண்டு பேரும் அந்த விமானத்தில் பழகியவர்களாக இருந்தால் இது ஒரு பெரிய விஷயமே இல்லை.

செப்டம்பர் 19, பகல்

செப்டம்பர் 17-இல் நெதர்லாந்தில் நேச நாடுகளின் பெரிய பாராசூட் தாக்குதல் தொடங்கியிருந்தது. அதற்குப் பின்புறத்தில் இருந்த ஜெர்மன் நகரங்களான மோன்ஷன்கிளாட்பாக், ரைட் இரண்டையும் 19 இரவு தாக்குவது என்று முடிவானது. 227 லங்காஸ்டர்கள், 10 மொஸ்கிட்டோக்கள். இலக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. அதாவது வழக்கத்தை விடச் சிக்கலான திட்டம், அனுபவசாலியான கட்டுப்பாட்டாளருக்கே வேலை வைக்கும் திட்டம்.

கட்டுப்பாட்டாளராகப் போகப்போவது இந்த விமானிதான் என்று தெரிந்தபோது, பக்கத்துத் தளமான வுட்ஹால் ஸ்பாவில் 627-ஆம் ஸ்குவாட்ரனில் பலருக்கு வியப்பு. மொஸ்கிட்டோ அவர்கள் கொடுக்க வேண்டியது. நேவிகேட்டராக வந்தவர் கோனிங்ஸ்பித் தளத்தின் வழிகாட்டல் அதிகாரி. வட அயர்லாந்துக்காரர், இளைஞர், அவரும் பதக்கம் பெற்றவர், லங்காஸ்டரில் தன் பங்குப் பறப்புகளை முடித்து ஓய்வில் இருந்தவர். மொஸ்கிட்டோவுக்குப் புதியவர்.

இந்த இடத்தில்தான் எனக்கு அதிக வருத்தம். மொஸ்கிட்டோ ஓட்டிப் பழகாத விமானிக்கு, மொஸ்கிட்டோவில் ஊறிய நேவிகேட்டர் ஒருவரைக் கொடுத்திருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும். 627-இல் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். புதியவருக்குப் பக்கத்தில் இன்னொரு புதியவரை உட்காரவைத்தார்கள். அந்த இளைஞர் தன் பங்கு ஆபத்தை ஏற்கெனவே முடித்தவர். அன்று இரவு அவர் போக வேண்டிய கட்டாயமே இல்லை. விக்டோரியா கிராஸ் பெற்ற மேலதிகாரி கூப்பிடும்போது ஒரு தள அதிகாரியால் எப்படி மறுக்க முடியும்?

பின்னாளில் அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்தவற்றில் இரண்டு விஷயங்கள் மறுபடி மறுபடி வருகின்றன. ஒன்று, தனக்கென ஒதுக்கி வைத்த மொஸ்கிட்டோவை விமானி ஏற்காமல், கடைசி நேரத்தில் வேறொரு குழுவின் விமானத்தை மாற்றி வாங்கிக்கொண்டார். அது கனடாவில் கட்டப்பட்டது, எண் கேபி267. இரண்டு, திரும்பும் வழி. குண்டு போட்டதும் தென்மேற்கே, ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்த பிரான்சின் மேல் வந்துவிடுங்கள் என்று அவருக்குச் சொன்னார்கள். கீழே இறங்க வேண்டி வந்தாலும் அது நம் பக்கத்து மண். அவர் அதை ஏற்கவில்லை. நேரே, தாழப் பறந்து, நெதர்லாந்தைக் கடந்து கடல் வழியாக வீட்டுக்கு வருவேன் என்று சொன்னதாகப் பதிவு. தாழப் பறந்து திரும்புவது 1943-இல் அவர் கற்று வைத்திருந்த முறை. சொன்னவர்கள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

இரவு

8 மணிக்குச் சற்று முன்பு மொஸ்கிட்டோ கிளம்பியது. இலக்கின் மேல் வேலை சுமுகமாக நடக்கவில்லை. சிவப்புக் குறி போட வேண்டியவர்களுக்குத் தாமதமானது. கட்டுப்பாட்டாளர் தானே கீழே பாய்ந்து குறி போடப் பார்த்தார். அவருடைய ஒளிக்குறிகள் விமானத்திலிருந்து கழன்று விழவில்லை. கடைசியில் சிவப்புக்குக் காத்திருந்த விமானங்களைப் பச்சைக் குறியின் மேல் போடச் சொல்லி வேலையை முடித்தார். குண்டுவீச்சு நடந்தேறியது. அவர் குரல் ரேடியோவில் நிதானமாக இருந்ததாகக் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குழப்பத்தைச் சமாளித்ததில் அவருடைய பழைய திறமை தெரிகிறது. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

தாக்குதல் முடிந்ததும் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். அன்று இரவு திரும்பாத விமானங்கள் ஐந்து. நான்கு லங்காஸ்டர்கள், ஒரு மொஸ்கிட்டோ.

ஸ்டீன்பெர்கன்

நெதர்லாந்தின் தென்மேற்கில், கழிமுகப் பகுதியில் உள்ள சிறிய ஊர் ஸ்டீன்பெர்கன். அப்போது இன்னும் ஜெர்மன் பிடியில் இருந்தது. இரவு பத்தரை மணி வாக்கில் ஒரு விமானம் மிகத் தாழ்வாக வருவதை ஊர்க்காரர்கள் கேட்டார்கள். என்ஜின் விட்டு விட்டு ஓடியதாகச் சிலர் சொன்னார்கள். விமானிகளின் அறைக்குள் வெளிச்சம் தெரிந்தது என்றும் சாட்சிகள் உண்டு. பிறகு ஊருக்கு வெளியே வயல்வெளியில் விழுந்து எரிந்தது.

எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே முதலில் தெரியவில்லை. கிடைத்த அடையாளத் தகட்டிலிருந்து நேவிகேட்டரின் பெயர் தெரிந்தது. இன்னொருவரும் இருந்திருக்கிறார் என்பதை எஞ்சிய உடல் பகுதிகள் காட்டின. அவர் யார் என்று சொன்னது ஒரு காலுறையில் இருந்த சலவைக் குறி. பிரிட்டன் முழுவதும் முகம் தெரிந்த மனிதரைக் கடைசியில் அடையாளம் காட்டியது சலவைக்காரர் போட்ட பெயர்தான்.

ஆக்கிரமிப்பின் நடுவிலும் ஊர்க்காரர்கள் இருவரையும் தங்கள் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இன்றும் அங்கேயே, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஊரில் இருவர் பெயரிலும் தெருக்கள் இருக்கின்றன. பிரிட்டனில் விமானியின் பெயரைச் சொல்பவர்களில் நேவிகேட்டரின் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. ஸ்டீன்பெர்கன்காரர்கள் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. அதற்காக அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு.

காரணம் என்று சொல்லப்படுபவை

விழுந்த இடம் எதிரியின் கையில் இருந்ததால், உடனே போய்ப் பார்த்து ஆராய வழியில்லை. பல வருடங்களுக்குப் பிறகு தோண்டிக் கிடைத்த பாகங்களையும் சாட்சிகளையும் வைத்து மூன்று விளக்கங்கள் நிற்கின்றன.

முதலாவது, எரிபொருள். ஒரு தொட்டி தீர்ந்ததும் அடுத்ததற்கு மாற்றுவதில் தடுமாறி, இரண்டு என்ஜின்களும் நின்றிருக்கலாம். விட்டு விட்டு வந்த என்ஜின் சத்தமும், உள்ளே தெரிந்த வெளிச்சமும் இதோடு ஒத்துப்போகின்றன. திருகைத் தேட விளக்கைப் போட்டிருக்கலாம். இரண்டாவது, தாழப் பறந்து வந்ததால் தரையிலிருந்து சுடப்பட்டிருக்கலாம். மூன்றாவது, நம்மவர் சுட்டது. அதே இரவில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லங்காஸ்டரின் பின்பக்கத் துப்பாக்கி வீரர், இரட்டை என்ஜின் விமானம் ஒன்றை ஜெர்மன் விமானம் என்று நினைத்துச் சுட்டதாகவும், அது மொஸ்கிட்டோவாக இருந்திருக்குமோ என்ற எண்ணத்தைக் காலமெல்லாம் சுமந்ததாகவும் அவர் இறந்த பிறகு செய்தி வெளிவந்தது.

எது சரி என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால் முதலாவதுக்குத்தான் ஆதாரம் கூடுதல். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. எரிபொருள் என்றால், பழகாத இருவரை ஒன்றாக அனுப்பியது காரணம். பீரங்கி என்றால், சொன்ன வழியை விட்டு எதிரியின் மண் மேல் தாழ வந்தது காரணம். நம்மவர் சுட்டது என்றால், மற்ற விமானங்களும் வரும் தடத்தில் எதிர்பாராத உயரத்தில் ஒரு மொஸ்கிட்டோ வந்தது காரணமாகலாம். எந்த விளக்கத்தை எடுத்தாலும் அது 19-ஆம் தேதி பகலில் எடுத்த முடிவுகளில்தான் போய் முடிகிறது.

எடுத்த முடிவுகள், அவற்றின் நியாயங்கள்

பறக்க அனுமதித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் தெரிகிறது. போர் முடியப்போகிறது என்ற நினைப்பு எல்லோரிடமும் இருந்தது. இன்னும் ஒரே ஒரு முறை என்று கேட்டவரிடம் கடுமையாக நடக்க மனம் வரவில்லை. மொஸ்கிட்டோக்களின் இழப்பு விகிதம் மிகக் குறைவு. எனவே பாதுகாப்பான விமானத்தில் அனுப்புகிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மொஸ்கிட்டோ பாதுகாப்பாக இருந்தது அதை ஓட்டத் தெரிந்தவர்களின் கையில். அந்த விகிதத்தை அப்படியே தூக்கி ஒரு புதியவருக்குப் பொருத்தியது தவறு.

170 பறப்புகள் என்ற எண்ணும் கண்ணை மறைத்திருக்கிறது. அது ஹாம்ப்டனிலும் பியூஃபைட்டரிலும் லங்காஸ்டரிலும் சேர்த்த அனுபவம். 1944-இன் குறியிடும் முறைக்கு அதில் பாதிகூட உதவாது. அதைவிட மோசம், அவ்வளவு அனுபவம் உள்ளவரிடம் உங்களுக்கு இது தெரியாது என்று சொல்ல 627-இல் இருந்த, உண்மையிலேயே தெரிந்த, பதவியில் சின்னவர்களுக்கு வாய் வரவில்லை. வழியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மறுத்ததும் விட்டுவிட்டார்கள். வேறு எந்த விமானி அப்படி மறுத்திருந்தாலும் விஷயம் மேலே போயிருக்கும்.

விமானியின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். வேலை தெரியாதவர்களை அனுப்பக்கூடாது என்று 617-இல் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தவர், தனக்கு அந்த விதியைப் பொருத்திக்கொள்ளவில்லை. தன் உயிரைப் பொறுத்தவரை அவர் இஷ்டம் என்று ஒருவர் வாதாடலாம். பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருந்தார். அதோடு அந்த வாதம் தீர்ந்துபோகிறது.

மாறியிருக்க வேண்டியவை

இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை வீரத்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது நடைமுறை பற்றி. விமானம் மட்டும் அல்ல. அறுவை சிகிச்சை அறையிலும், தீயணைப்பிலும், ஆழ்கடல் வேலையிலும் பேர்பெற்ற மூத்தவர்கள் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து புதிய கருவியைத் தொடும்போது அவர்களுக்கும் இதே நிலைதான்.

ஒரு விமானத்தை ஓட்ட இவ்வளவு நேரப் பழக்கம் வேண்டும் என்று விதி இருந்தால், அது பதக்கம் பார்க்காமல் பொருந்த வேண்டும். சரிபார்ப்பவர் அந்த விமானத்தைத் தினமும் ஓட்டுபவராக இருக்க வேண்டும். பதவியில் கீழே இருந்தாலும் அன்றைக்கு அவர் சொல்தான் கடைசி என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். நேருக்கு நேர் நிற்கும்போது துணிவை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். விதி அவருக்காகப் பேச வேண்டும்.

பறக்கத் தடை என்றால் தூரத்தில் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், செய்ய உருப்படியான வேலை கொடுக்க வேண்டும். பயிற்சியில் இவ்வளவு தேர்ந்தவரைப் புதிய குழுக்களைத் தயார்செய்யும் பொறுப்பில் முழுமையாக விட்டிருந்தால் அவர் கால் தரையில் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. மேடையும் மேசையும் அதற்கு ஈடாகவில்லை. தோழர்களை ஒவ்வொருவராக இழந்த ஒருவரிடம் யாராவது உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படிப் பேசுவது பலவீனமாகப் பார்க்கப்பட்டது, இன்றும் பல இடங்களில் அப்படித்தான்.

புதிய விமானிக்குப் பழகிய நேவிகேட்டர், புதிய நேவிகேட்டருக்குப் பழகிய விமானி. இருவரும் புதியவர்கள் என்றால் அந்த ஜோடி போர்ப் பறப்புக்குப் போகக்கூடாது. திரும்பும் வழியில் கருத்து வேறுபாடு வந்தால், அது கிளம்புவதற்கு முன்பே தளத் தலைவரின் காதுக்குப் போக வேண்டும்.

கடைசியாக நேவிகேட்டர். எந்தக் குழுவிலும் மூத்தவரோடு போகக் கூப்பிடப்படும் இளையவரிடம், அந்த மூத்தவர் இல்லாத இடத்தில், வேறொரு அதிகாரி தனியாகக் கேட்க வேண்டும்: இந்த விமானம் உனக்குத் தெரியுமா, போக உனக்குச் சம்மதமா? இல்லை என்று சொன்னால் அதற்குக் காரணம் கேட்கக்கூடாது, அவர் பணிக் குறிப்பில் அது ஏறவும் கூடாது.